ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஊழியர் செலுத்தும் முதுமைச் சந்தா
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவிலே நம் காரியதரிசியவர்கள், அடுத்த மாதம் யாது பொருள்பற்றிப் பேசப்போகின்றீர் என்று எம்மை வினவியபொழுது, ஐரோப்பாவில் ஊழியர்கள் செலுத்திவரும் உபகாரச் சம்பளச் சந்தாவைப்பற்றி என்று விடை கூறினோம். அருகிலிருந்த அன்பர் ஒருவர், "நம் கல்யாண மண்டபத்துக் கணக்கே இன்னும் முடிந்தபாடில்லை, கடல் கடந்த கணக்கு நமக்கெதற்கு?" என்று நகைத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வியே. ஆனால் இச்சபையில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள், வேலை நிமித்தமாகப் பிள்ளைகளை அந்நாடுகளுக்கு அனுப்பியிருப்பவை பல. அப்பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் ஒரு தொகை கழிக்கப்படுகின்றது. அத்தொகை ஏன் கழிக்கப்படுகின்றது, யாரிடம் போய்ச் சேருகின்றது, எப்பொழுது எவ்வுருவில் திரும்பி வரும் என்று நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை. கேளாமலே யோசனை மாத்திரம் சொல்லியிருக்கின்றோம். அங்ஙனம் யோசனை சொல்லி ஒரு பிள்ளைக்கு நஷ்டம் விளைத்தவர்களின் வரிசையில் யாமும் சேர்ந்தோம். அவ்வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம். முதலில் அந்நாடுகளின் வரலாற்றைச் சிறிது கேட்டருள வேண்டும்.

1881ஆம் வருஷம் நவம்பர் மாதம் 17ஆம் தேதி, முதலாம் வில்லியம் சக்கரவர்த்தியின் பெயரால் ஜெர்மானியச் சட்டசபையில் ஒரு செய்தி வாசிக்கப்பெற்றது. நோயாலும், விபத்தாலும், முதுமையாலும் உழைக்க இயலாதுபோன தொழிலாளருக்கு அரசாங்கம் ஆதரவளிக்கக் கடமைப்பட்டுள்ளது என்பது அச்செய்தியின் சாரம். அதனை முன்னின்று நடத்தியவர் சான்ஸலர் பிஸ்மார்க். அவர் ஏழைகள்பால் இரக்கம் மேலிட்டே இதனைச் செய்தார் என்று கொள்வதற்கில்லை. மூன்று வருஷங்களுக்கு முன்னர், 1878இல், சமதர்மக் கட்சியை அடக்கச் சட்டம் செய்தவரும் அவரே. அடித்த கையே அணைக்கவும் முன்வந்தது. எக்காரணம்பற்றி வந்தாலும், வந்த காரியம் நிலைத்துவிட்டது. முதுமைக்கும் அங்கவீனத்திற்குமான இன்ஷ்யூரன்ஸ் சட்டம் 1889இல் நிறைவேறி, 1891ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1ஆம் தேதி அமுலுக்கு வந்தது.

அச்சட்டம் நடந்த விதம் நம்மவர்க்கு மிகவும் ரசமானது. ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஓர் அட்டை இருக்கும். வாரந்தோறும் கூலி கொடுக்கும்பொழுது முதலாளியானவர் அவ்வட்டையில் ஒரு தபால்தலை போன்ற முத்திரையை ஒட்டவேண்டும். கூலியின் தரத்திற்கேற்ப முத்திரை நான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது: 14, 20, 24, 30 ஃபென்னிக். நூறு ஃபென்னிக் கொண்டது ஒரு மார்க்கு என்பதை நினைவிற்கொண்டால், இது எவ்வளவு சிறிய தொகை என்பது விளங்கும். இதில் பாதி தொழிலாளியின் கூலியிலிருந்து. பாதி முதலாளியின் பையிலிருந்து. உபகாரச் சம்பளம் பெறும் ஒவ்வொருவருக்கும் வருஷத்திற்கு 50 மார்க் வீதம் அரசாங்கமும் சேர்த்துக் கொடுத்தது. சராசரிக் கூலியோடு ஒப்பிட்டால் இரு பங்கும் சேர்ந்து ஏறக்குறைய நூற்றுக்கு 1.7 ஆயிற்று. சம்பளம் கிட்டும் வயது 70. அதுவும் முப்பது வருஷச் சந்தா செலுத்தியவர்க்கே. அவ்வயது வரையில் உழைத்து உயிரோடிருந்தோர் சிலர். இடையிலே உடல் தளர்ந்து அங்கவீனச் சம்பளம் பெற்றோரே மிகப் பலர். 1916இல், மகாயுத்தத்தின் நடுவிலே, வயது 65 ஆகக் குறைக்கப்பட்டது.

இனி இங்கிலாந்து. அந்நாட்டார் தொடங்கிய விதம் இதற்கு நேர்மாறானது. 1908ஆம் வருஷத்துச் சட்டப்படி, 1909 ஜனவரி 1ஆம் தேதி முதல், 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுக்கலாயினர். அதற்குச் சந்தா என்பதே கிடையாது. பணம் முழுவதும் பொது வரியிலிருந்து வந்தது. வருமானம் 21 பவுனுக்கு மேற்படாதிருந்தால் முழுத் தொகை. 31 பவுன் 10 ஷில்லிங்குக்கு மேற்பட்டால் ஒன்றுமில்லை. உழைக்கும் சக்தியிருந்தும் வழக்கமாக உழைக்காதவன் என்று தெரிந்தால் அவனுக்கும் இல்லை. (இவ்விதியை நம்மூரில் அமுல் நடத்துவதானால் எத்தனை திண்ணைகள் காலியாகுமோ, அறியோம்.) சட்டம் நிறைவேறிய அதே மாதத்தில் மந்திரி லாயிட் ஜார்ஜ் ஜெர்மனிக்குச் சென்று, அங்கு நடைபெறும் முத்திரை அட்டை முறையை நேரிற் கண்டு வந்தார். அதன் பயனாக 1911இல் நோய்க்கென ஒரு சந்தாச் சட்டம் பிறந்தது. தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ். நான்கு கொடுத்தவனுக்கு ஒன்பதின் பயன். அன்பர்கள் இம்மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். நூறு வருஷங்களுக்குப் பிறகு இவை வேறு உருவில் மீண்டும் வரக் காண்பீர்கள்.

முதுமைக்கெனத் தனிச் சந்தா இங்கிலாந்தில் வந்தது 1925ஆம் வருஷச் சட்டத்தாலேதான். ஆண் தொழிலாளிக்கு வாரம் 9 பென்ஸ். இதில் நாலரைப் பென்ஸ் அவனுடையது, நாலரைப் பென்ஸ் முதலாளியுடையது. அதற்கு ஈடாக 65 வயதில் வாரம் 10 ஷில்லிங். பின்னர் பெவரிட்ஜ் என்பவர் 1942இல் எழுதிய அறிக்கையைத் தழுவி, 1948 ஜூலை 5ஆம் தேதி முதல், நோய், வேலையின்மை, விதவைநிலை, முதுமை எல்லாவற்றையும் ஒரே சந்தாவில் அடக்கினர். வளர்ந்த ஆண் ஊழியன் ஒவ்வொருவனும் வாரம் 4 ஷில்லிங் 11 பென்ஸ் செலுத்தினான். குறைந்த கூலிக்காரனும் அதே தொகை, நிறைந்த கூலிக்காரனும் அதே தொகை. தனித்தவர் பெறும் முதுமைச் சம்பளம் வாரம் 26 ஷில்லிங்.

இவ்விரு முறைகளுக்குமுள்ள வேற்றுமையை இவ்விடத்திலேயே கண்டுகொள்ளலாம். ஜெர்மானியன் தன் கூலிக்கேற்பச் செலுத்தித் தன் கூலிக்கேற்பப் பெற்றான். ஆங்கிலேயன் எல்லோரும் செலுத்துவதைச் செலுத்தி எல்லோரும் பெறுவதைப் பெற்றான். சந்தா வளர்ந்த வேகத்தில் பின்னர் உண்டான வித்தியாசங்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவையே. எல்லோர்க்கும் ஒரே தொகை என்றால், மிக ஏழையானவன் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அத்தொகையை உயர்த்த முடியாது. தொகை உயராவிடில் உபகாரச் சம்பளமும் உயராது. கூலியில் ஒரு வீதம் என்றால், கூலி உயருந்தோறும் சந்தாவும் தானே உயரும். போதாவிடில் வீதத்தையும் உயர்த்தலாம்.

ஜெர்மனி அங்ஙனமே உயர்த்திற்று. ஆயின் அதற்கு முன் அந்நாட்டார் பட்ட துன்பத்தைச் சொல்லாமல் செல்லுதல் கூடாது. 1891 முதல் முத்திரை முத்திரையாகச் சேர்த்துவைத்த பெருநிதியில் மிகுந்த பகுதி அரசாங்கப் பத்திரங்களில் முடங்கியிருந்தது. யுத்தத்திற்குப் பிறகு நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்னும் நிலை வந்தது. முப்பது வருஷம் அட்டையில் முத்திரை ஒட்டியவனுடைய சேமிப்பு ஒரு வேளை ரொட்டிக்கும் ஆகாமற் போயிற்று. 1948இல் நாணயத்தை மாற்றியபொழுது சேமிப்புகள் மறுபடியும் கரைந்தன. ஒரே மனிதனின் ஆயுளில் இரு முறை! சேர்த்துவைத்துப் பின்னர்க் கொடுப்பது என்னும் முறையில் அந்நாட்டாருக்கு நம்பிக்கை அற்றுப்போனதில் வியப்பில்லை. ஆகவே 1957இல், அடினாவர் பிரதம மந்திரியாயிருந்த காலத்தில், வேறொரு வழியைத் துணிந்து மேற்கொண்டனர். இம்மாதம் உழைப்போர் செலுத்தும் சந்தாவை இம்மாதமே முதியோருக்குக் கொடுத்துவிடுவது. உழைப்போரின் கூலி உயருந்தோறும் முதியோரின் சம்பளமும் உயர்வது. கூட்டுக் குடும்பத்தில் உழைக்கும் மகன் கொண்டுவந்த நெல்லைத் தந்தையும் உண்பது போன்ற ஏற்பாடு இது. வீட்டின் அளவில் நடந்ததை நாட்டின் அளவில் நடத்தினர்.

இதற்குச் செலவு மிகுமன்றோ? 1949இல் நூற்றுக்கு 10 ஆக இருந்த சந்தா, 1957இல் 14 ஆயிற்று. 1968இல் 15, 1969இல் 16, 1970இல் 17, 1973இல் 18 என்று படிப்படியாய் ஏறி, 1997இல் 20.3 என்னும் உச்சியை எட்டிற்று. இவையெல்லாம் தொழிலாளி, முதலாளி ஆகிய இருவர் பங்கும் சேர்ந்த வீதங்கள். ஊழியனுடையது இவற்றிற் சரிபாதி. 1891இல் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாய்ச் செலுத்தியவனுடைய வழித்தோன்றல் 1997இல் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செலுத்தினான்.

அதற்குப்பின் வீதம் இறங்கிற்று. 2003இல் 19.5, 2007இல் 19.9 என்று ஏறியிறங்கி, 2013இல் 18.9, 2018 முதல் 18.6. அப்பொழுது நிர்ணயித்த 18.6 தான் 2025 வரையிலும் நடந்துவந்தது. இதைக் கண்டு, ஜெர்மனியில் முதியோர் பாரம் குறைந்துவிட்டதாக்கும் என்று எண்ணிவிடலாகாது. 1960களின் தொடக்கத்தில் ஒரு முதியவருக்கு ஆறு உழைப்பாளிகள் இருந்தனர். இப்பொழுது இரண்டு பேருக்குச் சற்றே மேல். பின் எங்ஙனம் வீதம் குறைந்தது? 1998இல் விற்பனைமேல் விதிக்கும் வரியை உயர்த்தியும், 1999 முதல் எரிபொருளின்மேல் புதிய வரி விதித்தும், அப்பணத்தைச் சந்தா நிதிக்குத் திருப்பினர். பொக்கிஷத்திலிருந்து அந்நிதிக்குச் செல்லும் தொகை 2020க்குப் பின் ஆண்டொன்றுக்கு 10,000 கோடி யூரோவுக்கு மேலாயிற்று. சட்டைப்பையில் எடுக்காததை மடியில் எடுத்தார்கள் என்று சொன்னால் தவறாகாது. வேறொரு விதியும் உண்டு. நிதியின் கையிருப்பு ஒன்றரை மாதச் செலவுக்கு மேற்பட்டால் வீதத்தைக் குறைத்தே ஆகவேண்டும். மிகக் குறைந்தால் உயர்த்தியே ஆகவேண்டும். வேலையுள்ளோர் தொகை பெருகிக் கையிருப்பு நிறைந்தபடியால் 2013இல் 19.6 என்பது 18.9 ஆயிற்று. மந்திரிகளின் மனம்போல ஏற்றியிறக்க இடமின்றி, கணக்கே வீதத்தைத் தீர்மானிக்கும் இந்த ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்தது.

இங்கிலாந்தில் வீதம் என்னும் பேச்சே 1961இல்தான் தலைகாட்டிற்று. வாரத்திற்கு 9 பவுனுக்கும் 15 பவுனுக்கும் இடைப்பட்ட கூலியில் நூற்றுக்கு 4¼ வீதம் கூடுதற் சந்தா வாங்கத் தொடங்கினர். ஆண் ஒருவன் இங்ஙனம் ஏழரைப் பவுன் செலுத்தி முடித்தால், முதுமையில் அவனுக்கு வாரம் 6 பென்ஸ் கூடுதலாகக் கிட்டும். பொருள்களின் விலை ஏறினால் அந்த ஆறு பென்ஸ் என்னவாகும் என்று ஏற்படுத்தியோர் நினைக்கவில்லை. 1975இல் எல்லோர்க்கும் ஒரே தொகை என்னும் பழைய முறையை முற்றும் கைவிட்டுக் கூலியில் நூற்றுக்கு 5.5 என்றாக்கினர். 1978இல் 6.5, 1983இல் 9, 1994இல் 10, 2003இல் 11, 2011இல் 12. முப்பத்தாறு வருஷத்தில் இரு மடங்குக்கு மேல்! பிறகு 2024 ஜனவரியில் 10 ஆகவும், அவ்வருஷம் ஏப்ரலில் 8 ஆகவும் திடீரென்று இறக்கிவிட்டனர். அதே ஏப்ரலில் முதியோர் சம்பளத்தை நூற்றுக்கு 8.5 உயர்த்தியும் கொடுத்தனர். வரவு குறைய, செலவு மிக. எந்தக் குடும்பத்துக் கணக்குப்பிள்ளைக்கும் இது தலைசுற்றலை உண்டாக்கும். ஆங்கிலேயர் சந்தா என்று பெயரிட்டு வாங்குவது வரிக்கும் சந்தாவுக்கும் நடுத்தரமான ஒன்று என்பதே இதன் விளக்கம். நோய்க்காலத்திற்கும் வேலையின்மைக்கும் சேர்த்தே அது வாங்கப்படுகின்றது. ஆதலால் 12க்கும் 18.6க்கும் நேராக ஒப்பிட்டு, இன்னார் அதிகம், இன்னார் குறைவு என்று தீர்ப்பளிக்க வருவோரை அன்பர்கள் நம்ப வேண்டுவதில்லை.

அரசாங்கம் கொடுப்பது வயிற்றுப்பாட்டிற்கு மட்டுமே போதுமாதலால், இங்கிலாந்தில் பெரிய கம்பெனிகள் தம் ஊழியருக்கென்று தனி நிதிகள் வைத்திருந்தன. அவற்றிலும் ஒரு பெரிய இடி விழுந்தது. பத்திரிகை முதலாளியான ராபர்ட் மாக்ஸ்வெல் என்பவர் 1991 நவம்பரில் தம் உல்லாசக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து மாண்டார். அதன் பின்னரே, அவருடைய ஊழியர்களின் உபகாரச் சம்பள நிதியிலிருந்து 40 கோடி பவுனுக்கு மேல் எடுத்து வேறு காரியங்களுக்குச் செலவிட்டிருந்தது வெளியாயிற்று. தங்கள் பெயரால் பிடித்த பணம் தங்கள் பெயரில் இருக்கின்றதா என்பது அதுவரை பலர் கேளாத கேள்வி. 1995இல் அதுபற்றிக் கடுமையான சட்டம் செய்தனர். சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றாலே போதும், பத்திரமாயிருக்கும் என்று நாமும் நினைத்துவிடுகின்றோமன்றோ? வருஷத்திற்கொருமுறையேனும் கணக்குச் சீட்டைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எழுதுங்கள்.

தனி நிதிகள் பல மூடப்பட்டு, புதிதாக வேலைக்கு வருவோர் ஒன்றுமில்லாதிருக்கும் நிலை உண்டானபொழுது, டர்னர் என்பவர் தலைமையில் 2002இல் ஒரு கமிஷன் ஏற்பட்டது. அதன் யோசனையைத் தழுவி 2008இல் சட்டம் செய்து, 2012 அக்டோபர் முதல் நடத்தலாயினர். இச்சட்டத்தின் சூட்சுமம் மிக எளியது. 22 வயது நிரம்பி, வருஷம் 10,000 பவுனுக்குமேல் சம்பாதிக்கும் ஒவ்வோர் ஊழியரையும் முதலாளி தாமே ஒரு நிதியில் சேர்த்துவிட வேண்டும். வேண்டாதவர் ஒரு மாதத்திற்குள் எழுதிக் கொடுத்து விலகலாம். முன்பெல்லாம் சேர விரும்புவோர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்பொழுது விலக விரும்புவோர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவதற்குச் சோம்பும் மனித சுபாவத்தை நன்மைக்கே திருப்பிவிட்டனர்! இச்சட்டத்திற்கு உட்பட்ட ஊழியருள் 2012இல் நூற்றுக்கு 55 பேரே நிதியில் இருந்தனர்; சில வருஷங்களில் அது 88 ஆயிற்று. சட்டத்தினாற் சேர்க்கப்பட்டோர் ஒரு கோடிக்கு மேற்பட்டோர்.

சந்தா வளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. 2012இல் ஊழியருடையது நூற்றுக்கு 1, முதலாளியுடையது 1. 2018 ஏப்ரலில் 3, 2. 2019 ஏப்ரலில் 5, 3. ஊழியருடைய 5இல் ஒரு பங்கு, அவர் கட்டவேண்டிய வருமான வரியிலிருந்து விட்டுக்கொடுக்கப்படுவது. ஆகவே கையிலிருந்து போவது 4, முதலாளி தருவது 3, அரசாங்கம் விடுவது 1. லாயிட் ஜார்ஜின் 4, 3, 2 நினைவிற்கு வருகின்றதா? நூறு வருஷத்தில் அரசாங்கத்தின் பங்கு மாத்திரம் பாதியாய்க் குறைந்திருக்கின்றது.

இப்பொழுது எம் வரலாற்றிற்கு வருகின்றோம். எம் தம்பியின் மகன் இங்கிலாந்தில் ஒரு பண்டகசாலையில் வேலை பார்க்கின்றான். எம் தமக்கையின் மகன் ஜெர்மனியில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இருக்கின்றான். தம்பி வீட்டில் அப்பொழுது மாடி கட்டிக்கொண்டிருந்தனர். பையன் ஒருநாள் தொலைபேசியில், "பெரியப்பா, புதுச் சம்பளத்தில் மாதம் 59 பவுன் ஏதோ முதுமை நிதி என்று பிடித்துக்கொள்கிறார்கள். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். யாம் சிறிதும் யோசியாமல், "உனக்கு இருபத்தைந்து வயது, முதுமைக்கு இப்பொழுதென்ன அவசரம்? எழுதிக் கொடுத்துவிட்டு, அதையும் சேர்த்து அப்பாவுக்கு அனுப்பு," என்றோம். பையன் பெரியோர் சொல் தட்டாதவன். அன்றே எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவனுடைய சம்பளம் வருஷத்திற்கு 24,000 பவுன். சட்டப்படி முதல் 6,240 பவுனைக் கழித்து மிகுதிக்கே சந்தா கணக்கிடுவர். மிகுதி 17,760. அதில் அவன் கையிலிருந்து மாதம் 59 பவுன் 20 பென்ஸ்; அரசாங்கம் வரியில் விடுவது 14 பவுன் 80 பென்ஸ்; முதலாளி தருவது 44 பவுன் 40 பென்ஸ். ஆக நிதியில் சேர்வது 118 பவுன் 40 பென்ஸ். அதாவது அவன் கொடுப்பதற்குச் சரியாக இரு மடங்கு. விலகியவனுக்குத் தன் 59 பவுன் கைக்கு வந்தது. மற்ற 59 பவுன் எங்கும் வரவில்லை. முதலாளி பையிலேயும் அரசாங்கப் பொக்கிஷத்திலேயும் தங்கிவிட்டது. முப்பத்தாறு மாதத்தில் இங்ஙனம் அவன் இழந்தது 2,131 பவுன். இதனை எமக்குக் கணக்கிட்டுக் காட்டியவன் தமக்கை மகன். விடுமுறைக்கு வந்திருந்தபொழுது, தம்பி வீட்டு மாடியில் உட்கார்ந்து, காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டு, "மாமா, இந்த மாடியில் பாதியை அவன் முதலாளியிடமிருந்தே வாங்கியிருக்கலாம்," என்றான். எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. தம்பி எழுந்து உள்ளே போய்விட்டான்.

அவனுக்கோ ஜெர்மனியில் எழுதிக் கொடுத்து விலகும் வழியே கிடையாது. மாதம் 3,000 யூரோ சம்பளத்தில் 279 யூரோ பிடிக்கின்றனர். முதலாளியும் 279 செலுத்துகின்றார். தொடக்கத்தில் அவனும் முணுமுணுத்தவனே. அங்கே ஊழியர் ஒவ்வொருவருக்கும் புள்ளிக் கணக்கு வைக்கின்றனர். நாட்டின் சராசரிச் சம்பளத்தை ஒரு வருஷம் சம்பாதித்தால் ஒரு புள்ளி. 2025 ஜூலை முதல் ஒரு புள்ளிக்கு மாதம் 40 யூரோ 79 சென்ட். சராசரியில் நாற்பத்தைந்து வருஷம் உழைத்தவருக்கு மாதம் 1,835 யூரோ ஆகின்றது. எம் மருமகனின் சம்பளம் சராசரிக்குக் குறைவாதலால் அவனுக்கு வருஷத்திற்கு முக்காற் புள்ளிக்குச் சற்றுக் குறைவாகவே கிட்டுகின்றது. அதாவது ஒரு வருஷ உழைப்பிற்கு, 67 வயது முதல் மாதம் ஏறக்குறைய 29 யூரோ. இத்தொகை அங்குள்ளோர் கூலி உயர உயர உயரும்.

ஆனால் அவனுக்கு வேறொரு கவலை. அங்கே போய் நான்கு வருஷமும் சில மாதங்களும் ஆகின்றன. ஐந்து வருஷம், அதாவது 60 மாதம், நிறையாதவருக்குச் சம்பளம் கிடையாது. தாயார் தனியே இருப்பதால் ஊருக்குத் திரும்பிவிடலாமென்று எண்ணுகின்றான். அப்படித் திரும்புவோர் இரண்டு வருஷம் கழித்துத் தாம் செலுத்திய பங்கைத் திருப்பிக் கேட்டு வாங்கலாம். முதலாளி செலுத்திய பங்கு வாராது. திருப்பி வாங்கிவிட்டால் கணக்கும் தீர்ந்தது. ஆயினும் இந்தியாவும் ஜெர்மனியும் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் 2017 மே 1ஆம் தேதி முதல் நடைமுறையில் உள்ளது. இங்கே சந்தா செலுத்திய காலத்தையும் அங்கே செலுத்திய காலத்தையும் சேர்த்து எண்ணி, அந்த ஐந்து வருஷம் நிறைந்ததா என்று பார்க்கலாம் என்பது அதன் முக்கிய அம்சங்களுள் ஒன்று. அவன் முன்னர்க் கோயம்புத்தூரில் மூன்று வருஷம் வேலை பார்த்துச் சந்தா செலுத்தியிருந்தான். (நம் நாட்டில் 1952இல் இந்நிதி தொடங்கியபொழுது ரூபாய்க்கு ஓர் அணா, அதாவது நூற்றுக்கு 6.25 வீதமே ஊழியரிடம் வாங்கினர் என்பதும் அது 1997இல் 12 ஆயிற்று என்பதும் நம்மில் மூத்தோர் அறிந்ததே.) ஆகவே ஐந்து வருஷம் நிறைய வேண்டுமென்பதற்காக அவன் தாயாரைத் தனியே விட்டு அங்கே காத்திருக்க வேண்டுவதில்லை.

எந்நாட்டு முறை சிறந்தது என்று அன்பர்கள் கேட்பீர்கள். ஜெர்மானியன் செலுத்துவது அதிகம். ஆனால் அதில் முதலாளி சரிபாதி ஏற்கின்றார், சந்தை வீழ்ந்தால் அவன் புள்ளி வீழ்வதில்லை. பிள்ளைகள் குறைந்துவிட்டால் மாத்திரம் அவன் கதி இடர்ப்படும். ஆங்கிலேயனுடைய நிதி அவன் பெயரிலேயே வளருகின்றது. வேலை மாறினாலும், நாடு மாறினாலும் அவனுடையதே. ஆனால் அது பங்குச் சந்தையில் இருப்பதால் ஏறியும் இறங்கியும் வரும். 8 வீதம் என்பது ஒருவனுடைய முதுமைக்குப் போதும் என்றும் எமக்குத் தோன்றவில்லை. எமக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டு. விலக வழியுள்ள முறையில் ஏழைப் பிள்ளைகளே முதலில் விலகுவர். ஊரில் கடன் இருப்பவனும், தங்கைக்குக் கல்யாணம் இருப்பவனும், எம் போன்ற பெரியப்பா இருப்பவனும் விலகுவர். அவ்வகையில் ஜெர்மானியர் முறை எம் போன்றோரிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுகின்றது.

விலகியவரையும் மூன்று வருஷத்திற்கொருமுறை முதலாளி மீண்டும் நிதியில் சேர்க்கவேண்டும் என்று ஆங்கிலேயர் சட்டத்தில் ஒரு விதியுண்டு. அதன்படி தம்பி மகனை மறுபடியும் சேர்த்திருக்கின்றனர். சென்ற வாரம் அவன் தொலைபேசியில் அழைத்து, "பெரியப்பா, மறுபடியும் பிடித்திருக்கிறார்கள். ஒரு மாதம் டைம் இருக்கிறது," என்றான். மாடிக்கு இன்னும் பூச்சுவேலை பாக்கி. தம்பி அருகிலேதான் நின்றுகொண்டிருந்தான். தொலைபேசியை அவனிடமே கொடுத்துவிட்டோம். தம்பி சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பூச்சு வேலையைத் தைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நீ எதையும் எழுதிக் கொடுக்காதே," என்றான்.

இரு பிள்ளைகளின் சம்பளச் சீட்டுகளையும், பெயர் மறைத்துப் பிரதியெடுத்து, நம் காரியதரிசியவர்களிடம் கொடுத்திருக்கின்றோம். வெளிநாட்டில் பிள்ளைகளை உடையோர் தத்தம் பிள்ளைகளின் சீட்டுகளோடு ஒத்துப் பார்க்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரையில் சங்கக் கட்டிடத்தில் பார்த்துக்கொள்ளலாம். யாமும் அங்கிருப்போம்.